பறந்த பீப்பாய்: ஒரு சோதனை விமானத்தின் பாடம்



எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சனிக்கிழமையொன்றில் விமானங்கள் பற்றிய தடித்த நூலொன்றைத் தூக்கிக்கொண்டு நமது வகுப்பிற்கு வந்தான். தன் பகற்பாடசாலை நூலகத்தில் இரவல் வாங்கிய நூல் அது. அதில் ஒரு படத்தை விரித்து நம் மேசைமீது வைத்தான். இரு பக்கமும் வாய் திறந்த பெரியதொரு பீப்பாய். அதன் இரு பக்கங்களிலும் நீண்ட சிறகுகள். பீப்பாயின் முதுகில் ஒட்டகத்தின் திமில் போன்ற மேடு. அந்த மேட்டினுள் ஒருவர்பின் ஒருவர் அமர இரண்டு இருக்கைகள். "சேர், இது பகிடிக்கு வரைந்ததா, இல்லாவிட்டால் உண்மையாகவே பறந்ததா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. உண்மையைச் சொன்னால் நாமும் சிரித்தோம்.

அன்று நடத்தவிருந்த வேற்றுமை உருபுகள் அப்படியே நின்றன. ஒரு மணிநேரம் என்று தொடங்கிய விளக்கம் மூன்று வாரமாயிற்று. தமிழ் படிக்க அனுப்பிய பிள்ளைக்கு விமானப் பாடம் எதற்கு என்று ஒரு தந்தையார் நம்மிடம் மரியாதையாகவே கேட்டார். அமுக்கம், உராய்வு, உதைப்பு, பரப்பளவு என்னும் சொற்கள் தமிழில் இல்லையென்று தம் பிள்ளை எண்ணிக்கொண்டு வளர்வது அவருக்குச் சம்மதமா என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவர் சற்று யோசித்தார். அடுத்த வாரம் தாமும் பின்வாங்கில் வந்து அமர்ந்தார். அந்த மூன்று வாரப் பாடத்தையே விழா மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க இங்கு எழுத்தில் தருகின்றோம்.

முதலில் அம்மாணவனின் வினாவுக்கு விடை. ஆம், அது பறந்தது. 1932ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7ஆம் நாள், இத்தாலியின் மிலான் நகரையடுத்த தாலியேதோ விமானத் திடலிலிருந்து அது மேலெழுந்தது. வடிவமைத்தவர் லூயிஜி ஸ்டீப்பா என்னும் பொறியியலாளர். கட்டியது கப்ரோனி நிறுவனம். ஆகவே அதற்கு ஸ்டீப்பா-கப்ரோனி என்று பெயர். முதன்முதலில் அதனைச் செலுத்தியவர் அந்நிறுவனத்தின் சோதனை விமானியாகிய தொமேனிக்கோ அந்தோனினி. நிலத்தில் நின்ற அந்த உருவத்தைப் பார்த்துவிட்டு அதனுள் ஏறி அமர்வதற்கு அவருக்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பதை மாணவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அளவுகளைக் கவனியுங்கள். சிறகின் நுனியிலிருந்து மறு நுனிவரை 14 மீற்றருக்குச் சற்று அதிகம். உடலின் நீளமோ ஏறத்தாழ 6 மீற்றர் மட்டுமே. நீளத்தைவிட அகலம் இருமடங்குக்கும் மேல். பெரும்பாலும் மரத்தாலான உடல். உள்ளே பொருத்தப்பட்டிருந்தது 120 குதிரைவலுக் கொண்ட பிரித்தானிய ஜிப்சி இயந்திரம். சாதாரண விமானத்தில் மூக்கின் வெளியே சுழலும் விசிறி இதில் பீப்பாயின் வாய்க்குள்ளே சுழன்றது. இயந்திரமும் குழலின் உள்ளேயே தொங்கியது. இந்தச் சுழல்விசிறி தள்ளும் காற்று முழுவதும் குழலினூடாகப் பாய்ந்து பின்வாயால் வெளியேறியது. அதாவது விமானத்தின் உடலே ஒரு காற்றுக் குழாய்.

ஏன் இப்படி ஒரு கோலம்? இங்கேதான் பாடம் தொடங்குகின்றது.

ஊரில் கிணற்றிலிருந்து வாழைப்பாத்திக்கு நீர் ஓடும் வாய்க்காலைப் பெற்றோர் அறிவர். அகன்ற இடத்தில் ஆறுதலாக ஓடும் நீர், வரம்பு நெருங்கும் இடத்தில் விரைந்து ஓடும். இங்கு பிறந்த பிள்ளைகள் பாலத்தின் தூண்களுக்கிடையே ஆறு விரைவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் எளிது. ஒரு நொடியில் அகன்ற இடத்தைக் கடக்கும் நீரின் அளவும் ஒடுங்கிய இடத்தைக் கடக்கும் நீரின் அளவும் சமம்; இல்லையேல் நீர் எங்காவது தேங்கவேண்டும். எனவே குறுக்குவெட்டுப் பரப்பு பாதியானால் வேகம் இருமடங்காகும்.

அடுத்த படி சற்றுக் கடினம். ஒடுங்கிய இடத்தில் நீரின் அமுக்கம் கூடுமா, குறையுமா? வகுப்பில் இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் கூடும் என்றார்கள். நெரிசலில் அமுக்கம் கூடுவது தானே என்பது அவர்கள் வாதம். ஆனால் குறையும் என்பதே உண்மை. இப்படி நினைத்துப் பாருங்கள். அகன்ற இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்துக்கு வரும் ஒரு நீர்த்துளி வழியில் வேகங்கொள்கின்றது. யாரும் தள்ளாமல் எதுவும் வேகங்கொள்ளாது. ஆகவே அத்துளியை முன்னேயிருந்து தடுக்கும் அமுக்கத்தைவிடப் பின்னேயிருந்து தள்ளும் அமுக்கம் அதிகமாயிருத்தல் வேண்டும். பின்னே இருப்பது அகன்ற பகுதி. முன்னே இருப்பது ஒடுங்கிய பகுதி. ஒடுங்கிய பகுதியில் அமுக்கம் குறைவு என்பது தானாகவே வந்துவிடுகின்றதல்லவா? இவ்விளைவை ஆராய்ந்து 1797ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர் ஜியோவன்னி பத்திஸ்தா வெந்தூரி என்னும் இத்தாலியர். இடையொடுங்கிய குழாய்க்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. (நாம் ஊரில் அமுக்கம் என்று படித்ததைத் தமிழகத்து நூல்கள் அழுத்தம் என்கின்றன. இரண்டும் ஒன்றே. பரீட்சையில் எதை எழுதினாலும் நாம் புள்ளி குறைக்கமாட்டோம்.)

நீருக்கு உள்ள இவ்வியல்பு காற்றுக்கும் உண்டு. விமான அமைச்சில் பணியாற்றிய ஸ்டீப்பா 1920களில் இதனையே பற்றிக்கொண்டார். சுழல்விசிறியை ஒரு வெந்தூரிக் குழாயினுள் வைத்தால், அது தள்ளும் காற்று விரைந்து வெளியேறி, அதே இயந்திரத்திலிருந்து கூடிய உதைப்பைத் தருமன்றோ? அவர் வெறுங் கற்பனையில் நின்றவரல்லர். குழலின் உட்சுவர் எந்த வளைவில் இருக்கவேண்டும், விசிறி வாயிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே நிற்கவேண்டும், எத்தனை சுற்றுக்கள் சுழலவேண்டும் என்றெல்லாம் ஆண்டுக்கணக்கில் கணித்தும் சோதித்தும் பார்த்தார். உட்சுவரின் வெட்டுமுகம் விமானச் சிறகின் வெட்டுமுகம் போலவே இருக்கவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

அவர் கருத்துக்கு இன்னொரு பலமும் இருந்தது. வெளியே சுழலும் விசிறியின் அலகு நுனியில், அமுக்கம் கூடிய பக்கத்துக் காற்று நுனியைச் சுற்றி மறு பக்கத்துக்கு நழுவி ஓடும். உள்ளங்கையால் நீரைத் தள்ளும்போது விரல் ஓரங்களால் நீர் வழுவுவது போன்றது அது. அந்த நழுவல் இயந்திரத்தின் உழைப்பில் ஒரு பங்கை வீணாக்குகின்றது. நுனிக்கு மிக அருகே ஒரு சுவர் நின்றால் காற்று நழுவ வழியில்லை. விசிறியைக் குழலுள் வைப்பதால் உதைப்பு கூடும் என்பது இன்றளவும் பிழையாகாத உண்மை. இதை நன்கு மனத்தில் வைத்திருங்கள். பின்னர் தேவைப்படும்.

ஆனால் நல்ல கணக்கு இருந்தால் மட்டும் அரசாங்கம் பணம் தந்துவிடாது. அக்காலத்து இத்தாலி முசோலினியின் ஆட்சியில் இருந்தது. விமானங்கள் அவ்வாட்சியின் பெருமைப் பதாகைகள். விமான அமைச்சராயிருந்த இத்தாலோ பல்போ 1933இல் 24 கடல்விமானங்களை அணியாக நடத்திக்கொண்டு அத்திலாந்திக்கைக் கடந்து சிக்காகோவில் போய் இறங்கினார். உலகம் வியக்கும்படியாக ஏதாவது செய்யவேண்டும் என்ற அவாவே ஸ்டீப்பாவின் பீப்பாய்க்கும் வழிதிறந்தது.

அவாவின் மறுபக்கத்தையும் மாணவர் அறியவேண்டும். ஸ்டீப்பாவின் கண் இந்தச் சிறு விமானத்தின் மேலன்று. இது மாதிரி மட்டுமே. தடித்த சிறகுகளுக்குள் பல குழல்களைப் பொதித்த பெரிய விமானங்களே அவர் நோக்கம். பெரிய விமானங்கள் அன்று விமானப்படைக்கு எதற்கு? ஜூலியோ தூஹே என்னும் இத்தாலியத் தளபதி 1921இல் எழுதிய நூலில் விடை இருக்கின்றது. எதிரியின் நகரங்கள்மீது குண்டு பொழிந்து குடிமக்களின் மனத்தை முறித்தால் போர் விரைவில் முடியும் என்பது அவர் கொள்கை. 1935இல் தொடங்கிய எதியோப்பியப் போரில் இத்தாலிய விமானங்கள் நச்சு வாயுக் குண்டுகளை வீசின. 1937 ஏப்பிரல் 26இல் ஸ்பெயினின் குவேர்னிக்கா நகர் எரிந்தபோது, ஜெர்மானிய விமானங்களோடு இத்தாலிய விமானங்களும் அங்கு இருந்தன. ஸ்டீப்பாவின் பீப்பாய் ஒருவரையும் கொல்லவில்லை. ஆயினும் அதற்குச் செலவழித்த கை எது என்பதை மறைத்துவிட்டு வடிவத்தை மட்டும் கண்டு சிரிப்பது முழுப் பாடமாகாது.

பறப்பின் பலன்களுக்கு வருவோம். கப்ரோனி நிறுவனத்தின் சோதனைகளுக்குப் பின்னர் விமானப்படை அதனை றோமுக்கு அருகேயுள்ள மொந்தெச்சேலியோ சோதனை நிலையத்துக்குக் கொண்டுசென்றது. 1928இல் அங்கே குதிகுடை ஒன்றைத் தாமே சோதித்து உயிரிழந்த குயிதோனி என்னும் தளபதியின் பெயரால் அவ்விடம் பின்னர் குயிதோனியா என்றாயிற்று.

ஸ்டீப்பா சொன்னவற்றுள் பல பலித்தன. அதே வலுவுடைய பிற விமானங்களைவிட அது நன்றாக மேலேறியது. மணிக்கு 68 கிலோமீற்றர் என்னும் மெதுவான வேகத்தில் தரையிறங்கியது. வாற்பகுதியின் சுக்கான்கள் குழலிலிருந்து வரும் காற்றோட்டத்திலேயே நின்றமையால் விமானியின் கைக்குப் பணிந்தன. காற்றில் அது அசையாமல் உறுதியாக நின்றது. திசை திருப்புவதே சில வேளைகளில் கடினம் என்னும் அளவுக்கு உறுதி. மேலும் ஒன்று: விசிறி குழலுள் அடங்கியிருந்ததால் சத்தமும் குறைவு.

இந்தக் கடைசி வரியை நாம் வகுப்பில் நன்மைகளின் பட்டியலில் எழுதினோம். பின்வாங்கில் மகளுக்காகக் காத்திருந்த தாயார் ஒருவர், "சத்தமில்லாமல் வந்திருந்தால் நாங்கள் எப்பிடிப் பங்கருக்குள்ளை போயிருப்பம், மாஸ்டர்?" என்று மெல்லக் கேட்டார்.

நாம் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டோம். 1990ஆம் ஆண்டில் நமக்கு வயது பத்து. யாழ்ப்பாணத்து வானில் அந்நாட்களில் சுற்றிய சிறு குண்டுவீச்சு விமானங்களுள் இத்தாலியில் செய்யப்பட்டவையும் இருந்தன. அவற்றின் வடிவத்தை அறியுமுன்னரே ஓசையை அறிந்தோம். தொலைவில் தேனீ இரைவது போன்று தொடங்கும். பிறகு தாழப் பதியும்போது ஓசை மாறும். எந்த ஓசைக்கு ஓடவேண்டும், எந்த ஓசைக்கு அப்படியே நிலத்தில் விழுந்து கிடக்கவேண்டும் என்பதை அரிச்சுவடியோடு சேர்த்தே கற்றோம். நம் ஆச்சிக்குக் காது மந்தம். ஆகவே அவரைக் கையைப் பிடித்து இழுத்துச்செல்வது நமது பொறுப்பு. பொறியியலாளரின் ஏட்டில் நன்மையென்று எழுதப்படுவது, கீழே நிற்பவருக்கு என்னவாகும் என்று அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு நம்மிடம் இயற்பியல் விடை இல்லை. பட்டியலில் அந்த வரியை அழிக்கவுமில்லை. அதன் எதிரே, "யாருக்கு?" என்று ஒரு மாணவி எழுதினாள். அது கரும்பலகையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இனி, தோல்வி. இத்தனை நன்மைகளும் உடைய விமானத்தின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். அதே இத்தாலியில் இரண்டு ஆண்டுகளின்பின், 1934 ஒக்டோபர் 23இல், பிரான்செஸ்கோ அஜெல்லோ என்னும் விமானி மக்கி நிறுவனத்தின் கடல்விமானத்தைக் கார்தா ஏரியின்மேல் மணிக்கு 709 கிலோமீற்றர் வேகத்தில் செலுத்தி உலக சாதனை நாட்டினார். அதன் இயந்திரம் பன்மடங்கு வலியது. ஆகவே ஒப்பீடு நேர்மையானதன்று என்று நீங்கள் சொல்லலாம். சரியே. ஆனால் வடிவங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று ஊசி; மற்றது பீப்பாய்.

காற்று தன்னூடே செல்லும் பொருளைப் பின்னே இழுக்கும். இவ்விழுவை வேகத்தின் வர்க்கத்தோடு வளரும். வேகம் இருமடங்கானால் இழுவை நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. ஸ்டீப்பாவின் குழலுக்கு வெளிச்சுவரும் உண்டு, உட்சுவரும் உண்டு. இரண்டிலும் காற்று உராய்ந்தது. சாதாரண விமானத்துக்கு வெளிச்சுவர் மட்டுமே; அதுவும் ஒல்லியானது. ஆகவே குழல் விசிறிக்கு ஈட்டிக்கொடுத்ததை அதே குழல் இழுவையாகத் திருப்பி வாங்கிக்கொண்டது. மெதுவாகச் செல்லும்வரை ஈட்டம் மிகுதி. ஆகையாற்றான் மேலேறுதலும் தரையிறங்குதலும் சிறந்திருந்தன. வேகம் ஏற ஏறச் செலவு வரவை விழுங்கிற்று. சாதாரண விமானத்தைவிட இதில் மேன்மை இல்லை என்று கண்ட விமானப்படை அத்தோடு நிறுத்திக்கொண்டது. இரண்டாவது விமானம் கட்டப்படவேயில்லை. முதலாவதும் இன்று இல்லை.

ஸ்டீப்பாவின் கணக்கு பிழையா என்று மாணவர் கேட்டனர். பிழையன்று, பாதி. விசிறிக்கு என்ன கிடைக்கும் என்று நுணுக்கமாகக் கணித்தவர், அதற்காக விமானம் முழுவதும் என்ன கொடுக்கவேண்டும் என்பதைக் குறைத்து மதித்துவிட்டார் என்றே நாம் கருதுகின்றோம்.

அவர் 1992வரை வாழ்ந்தார். ஜெற் விமானம் தம்முடைய கருத்திலிருந்தே பிறந்தது என்றும், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஏவிய வி-1 பறக்கும் குண்டு தமது காப்புரிமையை மீறியது என்றும் அவர் மனக்கசப்போடு நம்பினார். அந்தக் கசப்பு நமக்குப் புரிகின்றது. ஆனால் அவ்வுரிமையை நாம் ஒப்புக்கொள்ள இயலாது. வி-1இன் இயந்திரத்தில் விசிறியே இல்லை. எரிபொருள் விட்டுவிட்டு வெடித்து எரிந்து, அந்த வெப்ப வாயு பின்னே பீறியதால் அது பறந்தது. குழல் இருப்பதெல்லாம் ஒன்றாகா. எல்லாவற்றையும் நம் முன்னோர் முன்னரே கண்டுபிடித்துவிட்டனர் என்று மேடைதோறும் முழங்கும் நம்மவர் சிலருக்கும் இந்த இடத்தைக் காட்ட விரும்புகின்றோம்.

இத்தாலியின் பெயரைச் சொல்லவேண்டுமாயின் வேறொருவர் உளர். செக்கொந்தோ கம்பீனி என்னும் பொறியியலாளர் வடிவமைத்த விமானம் 1940 ஓகஸ்ட் 27இல் அதே தாலியேதோவில் பறந்தது. அதனையும் கட்டியது கப்ரோனியே. அதில் வெளி விசிறி இல்லை. சாதாரண இயந்திரமொன்று உள்ளே காற்றை அமுக்கிக் கொடுக்க, அதில் எரிபொருள் எரிந்து பின்னே பீறிட்டது. உலகின் முதலாவது ஜெற் விமானம் அதுவே என்று இத்தாலியர் கொண்டாடினர். ஆனால் சரியாக ஓராண்டின் முன்னர், 1939 ஓகஸ்ட் 27இல், ஜெர்மனியின் ஹைங்கல் விமானம் இரகசியமாகப் பறந்துவிட்டிருந்தது. கம்பீனியின் விமானத்தை றோமுக்கு வடக்கே விஞ்ஞா தி வாலே அரும்பொருளகத்தில் இன்றும் காணலாம்.

பீப்பாயும் மீண்டும் ஒருமுறை பறந்தது. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஆர்வலர் சிலர் ஐந்தில் மூன்று பங்கு அளவில் அதன் பிரதியைக் கட்டினர். 2001 ஒக்டோபரில் அது இரு முறை எழும்பி, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 600 மீற்றர் பறந்திறங்கியது. செலுத்தியவரும் அதன் உறுதியைப் பாராட்டினார்.

விசிறியைக் குழலுள் வைப்பதால் உதைப்பு கூடும் என்பதை மனத்தில் வைத்திருக்கச் சொன்னோமல்லவா? மெதுவாகச் சென்று பலமாக இழுக்கவேண்டிய வாகனம் ஒன்று இருந்தால் அதற்கு இந்தக் குழல் பொருந்தவேண்டும். அப்படி ஒன்று உண்டு. கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் இழுவைப்படகு. 1930களிலேயே லூட்விக் கோர்ட் என்னும் ஜெர்மானியர் படகின் விசிறியைச் சுற்றி வளையம் பொருத்தும் முறையை உருவாக்கினார். இன்று இழுவைப்படகுகள் பலவற்றிலும் மீன்பிடிக் கப்பல்களிலும் அவ்வளையம் இருக்கின்றது.

இதனை எழுத்தில் மட்டும் விடாமல், மூன்றாம் வாரம் மாணவர்களை நம் நகரத் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றோம். பழுதுபார்ப்பதற்காக இழுவைப்படகொன்று கரையேற்றப்பட்டிருந்தது. அதன் பின்புறத்தில் ஆளுயர வளையமும், அதனுள் வெண்கல நிற விசிறியும் தெரிந்தன. அலகு நுனிக்கும் வளையத்துக்கும் இடையே ஒரு விரல் மட்டுமே நுழையும். வளையத்தின் உட்புறத்தைக் கையால் தடவிய மாணவர்கள், அது நேர்ச்சுவர் அல்ல, சிறகு போல வளைந்திருக்கின்றது என்று தாமே கண்டுபிடித்துக் கூவினர்.

புத்தகம் கொண்டுவந்த மாணவன் மட்டும் பேசாமல் நின்றான். பிறகு, "சேர், இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டான். நமக்குத் தெரிந்தவரையில் யாவரும் ஏற்ற சொல் இல்லை என்றோம். வளையவிசிறி, கூண்டுவிசிறி என்று பலர் பல சொன்னார்கள். வீடு திரும்பும் பேருந்தில் அவன் தன் கொப்பியைக் காட்டினான். சுழல்விசிறி என்று எழுதி, முதலெழுத்தை மட்டும் வெட்டிவிட்டு, மேலே "கு" என்று எழுதியிருந்தான்.

குழல்விசிறி. இப்போதைக்கு நம் வகுப்பில் அதுவே வழங்குகின்றது. இதனிலும் நல்ல சொல் கிடைத்தவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டாம் வகுப்பிற்குக் கொண்டுவரலாம். பெற்றோரும் வரலாம், பின்வாங்கில் இடமுண்டு.